நல்லார்பருக்கு ஒரு பென்சில் கோடு

விமானம் ஓட்டுவதைவிடச் சுகமானது ஒன்று உண்டு. எங்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்து திட்டம் போடுவது. இதைச் சொன்னால் எங்கள் ஃப்ளையிங் கிளப்பில் இருப்பவர்களே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மெல்பர்னிலிருந்து பெர்த் வரைக்கும் ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் தனியாளாகப் போய்விட்டு வந்தவள் நான். அதில் எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டால், கிளம்புவதற்கு முந்தைய வாரங்கள் என்றுதான் சொல்வேன். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். வீட்டில் எல்லாரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"எப்பம்மா டேபிள் காலியாகும்?" என்பார் கணவர்.

"காத்து திரும்பட்டும்" என்பேன்.

வழி இதுதான்: மெல்பர்னின் மூராபினில் ஏறி மில்டூரா, போர்ட் அகஸ்டா, செடூனா, ஃபாரஸ்ட், கால்கூர்லி என்று தாவித் தாவிப் போய், பெர்த்தில் ஜண்டகாட்டில் இறங்குவது. மொத்தம் 1,650 கடல் மைல் சுமாருக்கு வரும். கிலோமீட்டரில் 3,000-க்குக் கொஞ்சம் மேல். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு நேர்கோடு இழுத்தாலும் இவ்வளவு வராது. பெரிய ஜெட்டில் ஏறினால் ஒரு படம் பார்த்து ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் பெர்த் வந்துவிடும். செஸ்னா 172-க்கு வேகம் மணிக்கு 110 நாட். அதாவது 200 கிலோமீட்டர் சொச்சம். அதுவும் காற்று சும்மா இருந்தால். நல்லார்பர் சமவெளிக்கு மேல் காற்று சும்மா இருப்பதில்லை.

முதலில் காகிதம். டேப்லெட்டில் இதற்கென்று அருமையான செயலிகள் இருக்கின்றன. நானும் வைத்திருக்கிறேன், பறக்கும்போது அது இல்லாமல் கிளம்ப மாட்டேன். ஆனால் அதில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் கோடு தானாக விழுந்துவிடுகிறது. நாம் யோசிப்பதற்கு முன்னால் விழுகிற கோடு எனக்கு வேண்டாம். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சான விமான வரைபடத்தை விரித்தால் ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நீள ஸ்கேலை வைத்து, கூர் சீவிய பென்சிலால் மெதுவாக இழுக்கும்போது, அந்தக் கோடு எந்த ஏரியைத் தொடுகிறது, எந்த மலையை உரசுகிறது, எந்தத் தடைப்பகுதிக்குப் பக்கத்தில் போகிறது என்று கை வழியாகவே மனசில் ஏறிவிடும். மெல்பர்னுக்கு வடக்கே மலைத்தொடர். அதன் மேல் மேகம் உட்கார்ந்துவிட்டால் சின்ன விமானங்களுக்கு அன்றைய பொழுது தரையில்தான். போர்ட் அகஸ்டாவுக்கு வடமேற்கே வூமெரா ராக்கெட் தளத்தின் தடைப்பகுதிகள், வரைபடத்தில் அடை அடையாக. இதெல்லாம் கிழக்குப் பக்கத்துக் கச்சேரி. செடூனாவைத் தாண்டினால் காகிதம் வெறிச்சோடிப் போகிறது. ஊர் இல்லை, ஆறு இல்லை, மரம்கூட இல்லை. தெற்கே கடல், நடுவில் ஒரு நெடுஞ்சாலை, வடக்கே ஒரு ரயில் பாதை. அவ்வளவுதான். இந்த வெறுமையைப் பார்த்துச் சொக்கிப் போனேன்.

கோடு இழுத்தாயிற்று, இனி காற்று. வானிலைத் துறை உயரம் உயரமாக, கட்டம் கட்டமாகக் காற்றின் திசையையும் வேகத்தையும் போட்டுக் கொடுக்கிறது. செடூனாவிலிருந்து ஃபாரஸ்டுக்கு என் கோட்டின் திசை 285 டிகிரி. காற்று 240 டிகிரியிலிருந்து 20 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 285-க்கு மூக்கைத் திருப்பிக் கிளம்பினால் காற்று என்னை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். அதனால் மூக்கை இடப்பக்கம் ஏழரை டிகிரி திருப்ப வேண்டும். தரை மேல் என் வேகம் 110 அல்ல, 95. இந்த முக்கோணத்தைப் போட 'ஃப்ளைட் கம்ப்யூட்டர்' என்று ஒரு வட்டத் தகடு உண்டு. பெயர்தான் கம்ப்யூட்டர், பேட்டரி கிடையாது, திரை கிடையாது. தகட்டைத் திருப்பி, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, மறுபடி திருப்பினால் விடை. இந்தக் காலத்திலும் நான் அதை விடவில்லை. அந்தப் புள்ளி நடுக்கோட்டை விட்டு விலகி உட்காரும்போது, காற்று என் விமானத்தை என்ன செய்யப்போகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. செயலி விடையை மட்டும்தான் காட்டும்.

காற்றோடு முடிகிறதா? இல்லை. திசைகாட்டி முள் காட்டும் வடக்கு வரைபடத்தின் வடக்கு அல்ல. மெல்பர்னில் அது 11, 12 டிகிரி கிழக்கே சாய்ந்து நிற்கும். மேற்கே போகப் போக அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வருகிறது. செடூனா-ஃபாரஸ்ட் பக்கம் சுமார் 5. கால்கூர்லி தாண்டிய பிறகு எங்கோ பூஜ்யத்தைக் கடந்து, பெர்த் வரும்போது மேற்குப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. கிழக்குச் சாய்வென்றால் கழி, மேற்குச் சாய்வென்றால் கூட்டு. ஒரே பயணத்தில் கழித்துக்கொண்டே கிளம்பி, கூட்டிக்கொண்டு போய் இறங்குகிறேன்! பூமியின் வயிற்றுக்குள் உருகிய இரும்பு புரள்வதால் வரும் சாய்வு, என் சாப்பாட்டு மேசையில் ஒரு கழித்தல் கணக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன கிளுகிளுப்பு வேண்டும், சொல்லுங்கள்.

இப்போது பெட்ரோல். தனியாக நீண்ட தூரம் போகிறவளுக்கு இதுதான் உயிர்க் கணக்கு, எனக்கு இதுதான் மிகப் பெரிய விருந்தும்.

ஃபாரஸ்டிலிருந்து கால்கூர்லி 343 கடல் மைல், பயணத்தின் நீளமான தாவல். நேர்வழியில் பெட்ரோலை நம்பி இறங்குகிற மாதிரி இடம் எதுவும் இல்லை. என் செஸ்னாவின் டேங்கில் பயன்படுத்தக்கூடியது 200 லிட்டர். மணிக்கு 38 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். காற்றே இல்லாவிட்டால் மூன்று மணி பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். எதிர்காற்று 20 நாட் என்றால் தரை வேகம் 90. மூன்று மணி ஐம்பது நிமிடம், 145 லிட்டர். எஞ்சினைக் கிளப்பி ஓடுபாதை வரை உருட்டிப் போக 5. பகலில் பறப்பதற்கு அரை மணி நேர இருப்பு போதும் என்கிறது சட்டம். என் சட்டம் ஒரு மணி நேரம், அதற்கு 38. ஆக 188. மிச்சம் 12 லிட்டர், சரி. அதே எதிர்காற்று 30 நாட் ஆனால்? தரை வேகம் 80, நாலேகால் மணிக்கு மேல் ஆகும், 163 லிட்டர். இருப்பெல்லாம் சேர்த்து 206. டேங்கில் இருப்பதோ 200. ஆறு லிட்டர் உதைக்கிறது.

ஆக, ஃபாரஸ்டில் காலையில் எழுந்து பார்க்கும்போது எதிர்காற்று 30 நாட் என்று போட்டிருந்தால் அன்றைக்குப் பயணம் கிடையாது. அங்கே நின்று, வானத்தைப் பார்த்து, "போயிடலாமா, பரவாயில்லையா" என்று மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தீர்ப்பு மெல்பர்னிலேயே, காபி ஆறுவதற்குள் எழுதப்பட்டுவிட்டது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாத பயணத்தில், நிதானமாக இருந்த நான் அவசரத்தில் இருக்கப்போகும் எனக்கு எழுதிக் கொடுத்த உத்தரவு அது.

இன்னொன்று, சமநேரப் புள்ளி. வழியில் எஞ்சின் ஓசை கொஞ்சம் மாறுகிறது, மனசுக்குச் சரியாகப் படவில்லை. திரும்புவதா, முன்னால் போவதா? பாதித் தூரம் தாண்டிவிட்டால் முன்னால் போவதுதான் கிட்டம் என்று தோன்றும். தூரத்தில் அது சரி, நேரத்தில் தப்பு. 20 நாட் எதிர்காற்றில் முன்னால் போக வேகம் 90. திரும்பினால் அதே காற்று முதுகில் தள்ள, 130. 343 மைலில் பாதி 171-தான், ஆனால் இரண்டு பக்கமும் சரிசமமான நேரம் எடுக்கும் இடம் 203-வது மைலில் இருக்கிறது. பாதியைத் தாண்டி இன்னும் முப்பது மைல் போன பிறகும் ஃபாரஸ்ட்தான் பக்கம்! முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது நம்ப முடியாமல் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். அதற்கு முன்னால் தொல்லை வந்தால் திரும்பு, பின்னால் வந்தால் போய்க்கொண்டே இரு.

ஃபாரஸ்ட் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நல்லார்பரின் நடுவில், ரயில் பாதையை ஒட்டி, இரண்டு தார் ஓடுபாதைகள், பெட்ரோல், தங்குவதற்குச் சில வீடுகள். பராமரிப்பாளர்களைத் தவிர வேறு குடி கிடையாது. 1929-ல் வெஸ்ட் ஆஸ்திரேலியன் ஏர்வேஸ் பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் விமானம் விட்டபோது, இரவு பயணிகளை இறக்கித் தங்கவைத்த இடம் இது. கம்பெனி போய்விட்டது, ஓடுபாதை இருக்கிறது. வரைபடத்தில் பெயரைப் பார்த்துவிட்டு நேராகப் போய் இறங்கிவிடக் கூடாது. முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட வேண்டும். பெட்ரோல் இருக்கிறதா, படுக்கை இருக்கிறதா, ஓடுபாதையில் கங்காரு தொல்லை உண்டா? "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். ஒருத்திதான் என்றேன். "ராத்திரி சாப்பாடு வேணுமா?" என்பது அடுத்த கேள்வி. ஆயிரம் கட்டுரை படித்தாலும் இந்த ஒரு அழைப்பில் கிடைக்கிற தெம்பு வராது. நான் இதுவரை கோடாகப் பார்த்த இடத்தில் எனக்காக உருளைக்கிழங்கு வேகப்போகிறது.

சரி, அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஜிபிஎஸ் இருக்கிறது. அது செத்துப்போனால்? இங்கேதான் பிரான்சிஸ் சிச்செஸ்டரை நான் கும்பிடுகிறேன். பின்னாளில் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றினாரே, அவரேதான். 1931-ல் மிதவை கட்டிய ஜிப்ஸி மாத் விமானத்தில் நியூசிலாந்திலிருந்து டாஸ்மன் கடலைத் தனியாகக் கடந்தார். நடுக்கடலில் நார்ஃபோக், லார்ட் ஹோவ் என்று இரண்டு பொட்டுத் தீவுகளில் இறங்கியாக வேண்டும். அவர் தீவை நோக்கிப் போகவில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளிப் போனார். நேராகப் போய்த் தீவு தட்டுப்படாவிட்டால், அது வலப்பக்கம் இருக்கிறதா இடப்பக்கம் இருக்கிறதா என்றே தெரியாது. ஒரு பக்கமாகத் தள்ளிப் போயிருந்தால், சூரியனை அளந்து, வந்த தூரம் போதும் என்று தெரிந்ததும், எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகமே கிடையாது.

என் தீவு ஃபாரஸ்ட். என் கடற்கரை ரயில் பாதை. 1917-ல் முடிந்த அந்தப் பாதை நல்லார்பரில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுகிறது. உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை அது. ஃபாரஸ்ட் அதன் மேலேயே இருக்கிறது. நான் தென்கிழக்கிலிருந்து வருகிறேன். அதனால் கடைசி 160 மைலுக்கு இரண்டே டிகிரி வலப்பக்கமாகக் கோட்டை நகர்த்தினேன். 60 மைலுக்கு ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைல் விலகும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. அதன்படி ஐந்து மைல் தள்ளிப் போவேன். தண்டவாளத்தைப் பார்த்ததும் இடப்பக்கம் திரும்பி அதோடு போனால் ஃபாரஸ்ட் வந்தே தீரும். வராமல் எங்கே போகும்?

மாதம் எது என்பதில்தான் இழுபறி. கோடையில் அந்தச் சமவெளி 45 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். சூடேறிய காற்றில் இறக்கையும் எஞ்சினும் பாதி மனசோடுதான் வேலை செய்யும். குளிர்காலத்தில் மேற்குக் காற்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் அறையும். இலையுதிர்காலம்தான் சாது. ஆனால் செடூனாவிலிருந்து ஃபாரஸ்டுக்கு நான் இழுத்த கோடு, கிட்டத்தட்ட பாதி வழியில் 'ஹெட் ஆஃப் பைட்' என்ற வளைகுடா முனையை உரசிக்கொண்டு போகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை தென்கடல் திமிங்கலங்கள் குட்டி போட்டு வளர்க்கும் இடம் அது. நேர்கோடே அங்கே கூட்டிப் போகும்போது நான் என்ன செய்வது? செப்டம்பர் என்று எழுதிவிட்டேன். காற்றுக்காகக் கூடுதல் நாட்களை ஒதுக்கிவைத்தேன்.

தனியாகப் போவதில் ஒரு பெரிய சௌகரியம், எடை. முழு டேங்க் பெட்ரோலே 144 கிலோ. நாலு பேர் ஏறினால் அதைக் குறைக்க வேண்டும். நான் ஒருத்தி என்பதால் டேங்கை நிரப்பி, பக்கத்து இருக்கையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். சாட்டிலைட்டுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி என் உடம்பில். விமானத்தில் கட்டி வைத்தால், இறங்கி ஓட வேண்டிய நேரத்தில் அது உள்ளேயே இருந்துவிடும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், வேறென்ன. காபி மட்டும் கூடாது. மூன்றரை மணி நேரம் வானத்தில் கழிப்பறை கிடையாது. இதற்கென்று ஜெல் நிரப்பிய பைகள் விற்கிறார்கள், பெண்களுக்கும் தோதானவை உண்டு. வீட்டிலேயே பழகிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். இதை எந்தப் பாடப்புத்தகமும் உரக்கச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று. "நடுவுல எறங்கிட்டா யாருக்குடி தெரியும்?"

அதற்கும் பதில் உண்டு. எத்தனை மணிக்குள் இறங்கிவிட்டேன் என்று சொல்வேன் என்பதை விமானப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்கிறோம். அந்த மணிக்குள் நான் சொல்லாவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நீ காலேஜ்ல படிக்கும்போது இது இருந்திருக்கணும்" என்றாள்.

மணி என்றதும் ஞாபகம் வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். செடூனாவில் காலை 9 மணிக்குக் கிளம்பி, மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து ஃபாரஸ்டில் இறங்கினால், அங்கே மணி இன்னும் 10.40 ஆகியிருக்காது. வெளிச்சம் போவதற்குப் பத்து நிமிடம் முன்னாலாவது தரையில் இருந்தாக வேண்டும் என்கிற விதி உள்ளவளுக்கு, மேற்கே போகப் போகப் பகல் நீண்டுகொண்டே வருகிறது. நடுவில் யூக்ளா பக்கத்து ஜனங்கள் இரண்டுக்கும் இடைப்பட்டு, முக்கால் மணி கணக்கில் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். விமானிகளுக்கு இந்த வம்பே வேண்டாமென்றுதான் எல்லாவற்றையும் கிரீன்விச் நேரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

பறந்ததைப் பற்றி? எழுதி வைத்தபடியேதான் நடந்தது. அதுதானே பரவசம்! மேற்கே போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 சேர்த்த உயரத்தில் பறக்க வேண்டும். 6,500 அடியில் காற்று பலம் என்பதால் 4,500-ஐப் பிடித்தேன். ஹெட் ஆஃப் பைட்டில் கடல் பச்சையும் நீலமுமாகத் திரிந்து கிடக்க, கரையோரம் மிளகு தூவியதுபோலத் திமிங்கலங்கள். பெரிய மிளகுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு சின்ன மிளகு. ஒரு தடவை வட்டமடிக்க ஆறு நிமிடம் என்று ஏற்கெனவே கணக்கில் போட்டிருந்ததால் மனசு உறுத்தாமல் வட்டமடித்தேன். பிறகு மரமில்லாத அந்தப் பரப்பு. இரண்டு டிகிரி வலப்பக்கம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வடக்கே பார்த்தபடியே போனால், நான் எழுதியிருந்த நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால், யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி தண்டவாளம். ஆளில்லாத காக்பிட்டில் கத்தினேன். இடப்பக்கம் திரும்பினேன். ஃபாரஸ்ட்.

மறுநாள் காலை முன்னறிவிப்பில் எதிர்காற்று 35 நாட். கிளம்பவில்லை. ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆறு லிட்டர் கணக்கு நோட்டில் இருக்கிறதே. கட்டிப்போட்ட விமானம் கயிற்றை இழுத்து இழுத்து ஆட, வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தேன். இந்தியன் பசிஃபிக் ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே அதன் விளக்கு தெரிந்தது. வளைவில்லாத பாதை அல்லவா, விளக்கு வந்துகொண்டே இருந்தது, ரயில் வரவே இல்லை. சலித்துப்போய் உள்ளே போய் இன்னொரு டீ போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கடந்து போயிற்று. அடுத்த நாள் காற்று 15-க்கு இறங்க, கால்கூர்லிக்குப் போய்ச் சேர்ந்தபோது டேங்கில் நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு லிட்டர் கூடவே இருந்தது.

ஜண்டகாட்டில் இறங்கி, "வந்துட்டேன்" என்று துறைக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிட்டு, பெர்த்தில் சித்தி மகள் வீட்டுக்குப் போனேன். விருந்து முடிந்த கையோடு அவள் வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்தாயிற்று. வந்த வழியே திரும்புவானேன்? தெற்கே எஸ்பரன்ஸுக்கு அப்பால், மிடில் தீவில் ஹில்லியர் ஏரி இருக்கிறது. ரோஜாப்பூ நிறத் தண்ணீருக்குப் பேர்போனது. மேலேயிருந்து பார்த்தால்தான் அழகு.

"ஏரியப் பாக்கவா இவ்ளோ கணக்கு?" என்றாள்.

"கணக்குப் போடத்தான் ஏரி" என்றேன்.

கணக்கு இப்போது முழுக்கத் தலைகீழ். கிழக்கே போவதால் ஒற்றைப்படை ஆயிரம். காற்று முதுகில். தீவு கரையை விட்டுத் தள்ளி இருப்பதால், எஞ்சின் நின்றால் சறுக்கிக் கரை சேர முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் அடிக்கு ஒன்றரைக் கடல் மைல், 5,500 அடியில் எட்டு மைலுக்கு மேல், போதும். இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொள்வது. எஸ்பரன்ஸிலிருந்து ஏரி வழியாக ஃபாரஸ்ட் 390 மைல். வரும்போதிருந்த நீளமான தாவலைவிட நீளம். ஆனால் 20 நாட் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 130, சரியாக மூன்று மணி நேரம், 114 லிட்டர். சமநேரப் புள்ளி இந்தத் தடவை பாதிக்கு முன்னாலேயே, 160-வது மைலில். இருப்பும் தரை ஓட்டமும் சேர்த்து 157 லிட்டர். மிச்சம் 43.

ஏரியை இரண்டு தடவை சுற்றினேன்.